இரண்டு வாவு, ஒரு பாய்மரப் படகு

1

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று, கேரள எல்லையில் பாறசாலையில் இருக்கும் சரசு அத்தை, அப்பாவின் தங்கை, வருஷாவருஷம் அனுப்பும் மலையாளக் காலண்டர். இன்னொன்று, உதியன்குளங்கரை வீட்டிலிருந்து அம்மா அனுப்பும் தமிழ்த் தினசரிக் காலண்டர். நாளுக்கு ஒன்றாகக் கிழிக்க வேண்டியது. நான் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கிழிப்பேன். அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமும் இரண்டும் ஒற்றுமையாகத்தான் தொங்கின. இந்த வருஷம் முட்டிக்கொண்டன.

மலையாளத்தில் கர்க்கடகம், தமிழில் ஆடி, இரண்டும் ஒரே மாசம். அந்த மாசத்து அமாவாசையை எங்கள் பக்கம் வாவு என்போம். இறந்துபோனவர்களுக்குப் பலி இடும் நாள். கடலிலோ ஆற்றிலோ இறங்கி, எள்ளும் சோறும் கொடுத்து, முங்கி எழுந்து வருவோம். இந்த வருஷம் பார்த்து அந்த மாசத்தில் இரண்டு அமாவாசை. மாசம் பிறந்த உடனே ஒன்று, முடியப்போகும் நேரத்தில் இன்னொன்று. மலையாளக் காலண்டர் முதலாவதை வாவு என்று சிவப்பில் போட்டிருந்தது. தமிழ்க் காலண்டர் அதைச் சும்மா அமாவாசை என்று சொல்லிவிட்டு, இரண்டாவதுதான் ஆடி அமாவாசை என்றது. போதாக்குறைக்கு என் கணவர் செல்வின், மலையாளக் காலண்டரில் அந்தச் சிவப்பு நாளையும் சேர்த்து ஒரு வாரத்தை நீலப் பேனாவால் சுற்றி, ‘படகு’ என்று எழுதி வைத்திருந்தார்.

அப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். ஆண்டு முடிந்து வரும் முதல் வாவு இது. நான் ஒரே பிள்ளை. அவருக்கு இதுவரை என் கையால் ஒரு மணி எள் கொடுத்ததில்லை. இந்த ஒரு தடவையாவது என் கையால், சரியான நாளில், முறைப்படி செய்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. சரியான நாள் எது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

2

படகுக் கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நம்மூர் ஆட்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். முதல் தடவை நாங்கள் பாய்மரப் படகில் நிற்கிற போட்டோவை அனுப்பியபோது சரசு அத்தை மணிக்கணக்காக யோசித்துவிட்டுப் போன் செய்து, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும் சம்பளம் போதாமல் மீன் பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். சுற்றிப் பார்க்கத்தான் போகிறோம் என்றேன். கடலில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்றாள்.

செல்வின் காஞ்சிரங்குளத்துக்காரர். அவர் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் ஊரில் இருந்தவரை முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்தவர் இல்லை. அது மீன்பிடிக்கிறவர்களின் இடம், நமக்கு அங்கே என்ன சோலி என்று வளர்த்துவிட்டார்கள். இங்கே வந்து ஆஸ்பத்திரி லேபில் கூட வேலை பார்க்கிறவர் ஒரு நாள் படகில் கூட்டிக்கொண்டு போனார். அன்றோடு ஆளுக்குப் பித்துப் பிடித்தது. வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், லேப் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு பழைய படகை வாங்கினார். ஒவ்வொரு கோடையிலும் ஒரு வாரம் அது எங்கள் முறை.

கரை அழகுதான், குறை சொல்லக் கூடாது. அயர்லாந்தின் தென்மேற்கு முனையில் பாறையும் பச்சையுமாக, குட்டிக் குட்டித் தீவுகளாக, ஊதாப் பூ மண்டிய குன்றுகளாக வந்துகொண்டே இருக்கும். பாறைமேல் கடல்நாய்கள் படுத்துக்கொண்டு, குளிக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்க்கும். மாலையானால் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டுத் தூங்குவோம். எனக்கு நீச்சல் தெரியாது. படகில் என் வேலை சமையல். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நேராகவே நிற்கிற மாதிரி ஊஞ்சல் போட்ட ஓர் அடுப்பு உண்டு. அதில் நான் புட்டு அவித்திருக்கிறேன், மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் வைத்திருக்கிறேன். கறி மணம் பக்கத்துப் படகுகளுக்கும் போகும். இரண்டு தடவை தட்டை ஏந்திக்கொண்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

மகள் அனிஷாவுக்குப் பதினாறு வயது. அவள் சுக்கானைப் பிடித்தால் அப்பாவும் மகளும் பேசுகிற பாஷை எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. கயிற்றுக்கு ஒரு பெயர் கிடையாது; ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒவ்வொரு பெயர். வீட்டில் தமிழ் பேசு என்றால் முகத்தைச் சுளிக்கிறவள், முந்நூறு கயிற்றுப் பெயர் படித்து வைத்திருக்கிறாள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

அப்பாவுக்கு வீடியோவில் படகைக் காட்டியது உண்டு. பாறசாலை ரயில் நிலையத்து வாசலில் டாக்ஸி ஓட்டியவர் அவர். படகை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இதில் பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிரேக் கிடையாது என்று செல்வின் சொன்னதும், மனுஷர் அதற்குமேல் எதையும் பார்க்க மாட்டேன் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

3

போன வருஷம் அதே படகில்தான் இருந்தோம். தீவுக்குப் பின்னால் நங்கூரம் போட்டிருந்தோம், போனில் சிக்னல் இல்லை. நான் பப்படம் பொரித்துக்கொண்டிருந்தேன். அனிஷா ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மதியம் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது மூன்று போன்களும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அத்தை மகன் பிரதீப் தீ வைத்தான். உடம்பை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். சரிதான், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆண்டு பலியையும் பிரதீப்பே செய்தான், எனக்கு லீவு கிடைக்கவில்லை.

கோபமெல்லாம் படகு மேல்தான். ஆறு மாசம் அதன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவேன். இந்த வருஷம் செல்வின் நீலப் பேனாவால் சுற்றியதைப் பார்த்ததும் அதைக் காலண்டரோடு கிழித்துப் போடலாம்போல இருந்தது. செல்வின் பாவம், சண்டைக்கு நிற்கவில்லை. அவர் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, வாவு அவர் வீட்டில் கிடையாது. அது அந்த வாரம் என்று தெரியாமல்தான் வட்டம் போட்டிருக்கிறார். படகை இந்த வருஷம் விட்டுவிடலாம் என்றுகூடச் சொன்னார். அனிஷா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த கோடையில் அவள் பெரிய பரீட்சைக்குப் படிக்க வேண்டும், அதற்கடுத்து எங்கே போவாளோ. எனக்கு அதுவும் உறைத்தது.

கடைசியில் நான்தான் போகலாம் என்றேன். வாவுக்குக் கடல் வேண்டும், படகு கடலில்தானே போகிறது, ஏதாவது ஒரு கரையில் இறங்கிச் செய்துகொள்கிறேன் என்றேன். சொல்லும்போது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

4

அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா பிறந்தது நாகர்கோவிலுக்குக் கிழக்கே. கல்யாணமாகி வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் தமிழ்ப் பஞ்சாங்கத்தை விட்டவள் இல்லை.

“மொத அமாவாசையில செஞ்சா அது அவருக்குக் கிட்டாது மக்கா,” என்றாள். “ரெண்டாவதுதான் கணக்கு. அதுக்கும் நீ செய்யணும்ணு இல்ல. எங்க வீட்டுல பெண்ணுங்க எள்ளுத் தண்ணி விடமாட்டாவ.”

உடனே அத்தைக்குப் போன் செய்தேன். அத்தை சிரித்தாள். ஆறு கடலில் சேரும் பூவாறு பொழிக்கரையில் வரிசைவரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பலி இடுவதை நீ பார்த்ததில்லையா என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன். “அண்ணன் இந்த மண்ணுல பெறந்த ஆளாக்கும். அவருக்குள்ள வாவு இஞ்ச உள்ள வாவுதான்,” என்றாள்.

அப்படியானால் இரண்டு நாளும் செய்துவிட்டால் என்ன என்று கேட்டேன். ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல அத்தை அதட்டினாள். செத்த ஆளை ஒரு மாசத்துக்குள் இரண்டு தடவை கூப்பிட்டு அலைக்கழிக்கவா என்று கேட்டாள். இதை அம்மாவிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. நாத்தனாரும் அண்ணியும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சாலையில் ஆட்டோவில் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறவர்கள். நடுவில் நான் அயர்லாந்திலிருந்து இருவருக்கும் தூது போய்க்கொண்டிருந்தேன்.

அப்பா உயிரோடு இருந்தபோதும் இப்படி இரண்டு அமாவாசை வந்திருக்கத்தானே வேண்டும், அவர் என்ன செய்தார் என்று இருவரிடமும் கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. அத்தைக்கும் நினைவில்லை. அந்த மனுஷருக்கு டாக்ஸியில் எந்தச் சவாரி எந்த ஊருக்குப் போனது என்பதெல்லாம் நினைவிருக்கும். அவரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அவருக்குச் செய்ய வேண்டியதை அவரிடமே கேட்கத் தோன்றுகிற என் புத்தியை என்னவென்று சொல்வது.

5

இதற்கு நடுவில் வெள்ளைக்காரர்களையும் குழப்பினேன். இங்கே எதற்கும் முதலில் கேட்டுவிடுவது நல்லது என்று, நாங்கள் இறங்க நினைத்த கரையின் உள்ளாட்சி அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன். என் தந்தையின் நினைவாகக் கடற்கரையில் சிறிய சடங்கு ஒன்று செய்யலாமா என்று கேட்டிருந்தேன். மிகுந்த அனுதாபத்தோடு பதில் வந்தது. அஸ்தி கரைப்பதற்கான விதிமுறைகளை இணைத்திருந்தார்கள். அஸ்தி இல்லை, சோறுதான் என்று எழுதினேன். அது வேறொரு பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவு, கடற்பறவைகளுக்கு உணவு போடாதீர்கள் என்று ஒரு படத்தோடு பதில் அனுப்பியது. பறவைக்கு இல்லை, அப்பாவுக்கு என்று எழுதினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை. நான் அவர்களாக இருந்தாலும் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

கடைசியில் முதல் அமாவாசை என்றே முடிவு செய்தேன். எந்த ஞானத்தாலும் இல்லை. அன்றைக்குத்தான் கடலில் இருக்கப்போகிறேன், இரண்டாவதன்று எனக்கு டூட்டி. அம்மாவிடம் சொன்னபோது, “உனக்கு இஷ்டம்போலச் செய்,” என்றாள். அம்மாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

6

முந்தின நாள் ஒருநேரச் சோறு மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தேன். ஏஷியன் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலை, பச்சரிசி, கறுப்பு எள், ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த தர்ப்பை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். பொழிக்கரையில் பலி இடவைக்கும் கர்மி சொல்லிக்கொடுப்பதைப் பிரதீப் முன்பு ஒரு வாவுக்குப் போனில் பிடித்து வைத்திருந்தான். அதை அனுப்பி, சந்தேகம் வரும் இடங்களைத் தன் குரலிலும் பேசி அனுப்பினான். “கடைசில இலைய தலையில வச்சு, கடலுக்கு முதுகு காட்டி நிண்ணு, பின்னால விட்டுட்டு மூணு தடவை முங்கணும் சேச்சி. பொறவு திரும்பிப் பாக்காம கரை கேறணும். பாத்தா அவங்களுக்குப் போக மனசு வராது.”

வாவன்று காலையில் ஒரு சின்னத் தீவின் குடாவில் இருந்தோம். மேகம் மூடியிருந்தது, காற்று இல்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு படகின் மேல்தட்டுக்கு வந்தேன். அனிஷா லைஃப் ஜாக்கெட்டை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

அது படகின் சட்டம் என்றாள். நீச்சல் தெரியாதவள் அது இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றாள். எங்கள் ஜாக்கெட்டுகள் தண்ணீர் பட்ட நொடியில் தானாகவே ஊதிக்கொள்கிற வகை. அதை மாட்டிக்கொண்டு முங்கினால் அது என்னைத் தூக்கித்தான் விடும், முங்கவே முடியாது. முங்காமல் பலி முடியாது. இதை ஆங்கிலத்தில் விளக்கினேன், தமிழில் கத்தினேன். இடுப்பளவு தண்ணீர்தான், உன் அப்பா கரையில் நிற்பார் என்றேன். அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. நங்கூரம் பிடி நழுவிப் படகு நகர்ந்துவிடாமல் பார்க்க ஒருவர் படகில் இருந்தாக வேண்டும், அது அவளுடைய வேலை. அதனால் கூட வரவும் முடியாது. ஜாக்கெட்டை என் காலடியில் போட்டுவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

செல்வின் சின்ன ரப்பர் படகில் என்னைக் கரைக்குக் கொண்டுபோனார். கூழாங்கல் கரை. இலையை விரித்து, போனில் கர்மியின் குரலை ஓடவிட்டு, அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். பின்னணியில் பொழிக்கரையின் இரைச்சல், ஒலிபெருக்கி, யாரோ ஒருவர் காணாமல்போன செருப்பைப் பற்றிக் கேட்பது எல்லாம் கேட்டது. எள்ளை நீரோடு விடும்போது அப்பா பெயரைச் சொல்ல வேண்டும். அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். திரும்பச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

இலையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஜூலை மாசத்திலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடித்தது. இடுப்பளவு வந்ததும் கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, இலையைப் பின்னால் விட்டு முங்கினேன். முதல் முங்கில் மூச்சு நின்றது. இரண்டாவதில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவதில் கால் வழுக்கிக் கொஞ்சம் அதிக நேரம் உள்ளே இருந்துவிட்டேன்போல. எழுந்தபோது செல்வின் முழங்கால்வரை தண்ணீரில் ஓடிவந்திருந்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு மெல்ல நடந்து கரை ஏறினேன். திரும்பவில்லை.

ஆயிற்று, அப்பாவுக்குச் செய்துவிட்டேன் என்று இருந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் மனசு லேசாக இருந்தது. செல்வின் துண்டை என் மேல் போர்த்தினார். போர்த்தியவர் என்னைப் பார்க்கவில்லை; என் தலைக்கு மேலாகப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டி, அவ உன்னைப் பாத்துக் கை நீட்டிக்கிட்டு நிக்கா,” என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. பலி இடுகிறவளைப் பார்த்து விரலை நீட்டுவது என்ன பழக்கம், கையை இறக்கச் சொல்லுங்கள் என்றேன்.

“இறக்க மாட்டா. ஆளு தண்ணியில இருந்தா ஒருத்தர் அவங்களையே கை நீட்டிக் காட்டிக்கிட்டு நிக்கணும். கண்ண எடுக்கப்பிடாது. எடுத்தா அலைக்குள்ள ஆள் எங்கண்ணு தெரியாமப் போயிரும். படகுல அவ படிச்ச மொத பாடம் அதாக்கும்.”

எப்போதிருந்து நிற்கிறாள் என்று கேட்டேன். நான் தண்ணீரில் கால் வைத்ததிலிருந்து என்றார். நான் மூன்றாவதாக முங்கி எழாமல் இருந்தபோது, ஒரு கையை நீட்டியபடியே மறுகையால் படகோரக் கம்பியைப் பிடித்து, தாண்டிக் குதிக்க ஒரு காலைத் தூக்கிவிட்டாளாம்.

நான்தான் கரை ஏறிவிட்டேனே, நீங்கள் கையைக் காட்டுங்கள் என்றேன். அவர் இரண்டு தடவை காட்டினார். அசையவில்லை என்றார். தண்ணீரில் இருந்த ஆள்தான் திரும்பிக் காட்ட வேண்டும். அதுவரை இறக்கக் கூடாதாம்.

கடலுக்கு முதுகு காட்டி நின்றேன். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பினால் அவருக்குப் போக மனசு வராது என்று பிரதீப் சொல்லியிருக்கிறான். முந்தின நாளிலிருந்து ஒருநேரச் சோறு, இத்தனை நாள் சண்டை, அம்மாவின் மனத்தாங்கல், எல்லாம் ஒரு நொடியில் வீணாய்ப் போகும். திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன்.

“இறக்கினாளா?”

“இல்ல. முகம் தெரியணும் அவளுக்கு. கை ஆடுது, பாவம், வலிக்கும்.”

அப்பாவை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. போகிறவரைத் திரும்பிப் பார்க்காமல் அனுப்புவது சரியா, நிற்கிறவளைத் திரும்பிப் பார்க்காமல் விடுவது சரியா, எந்தக் காலண்டரில் அது போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று வாய்விட்டுத்தான் சொன்னேன்.

திரும்பினேன். சாம்பல் நிறத் தண்ணீரின் மேல் படகு, அதன் முனையில் என் பிள்ளை. நீட்டிய கை என்னை நேராகப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. என் இலை எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் மிதந்துகொண்டிருந்தது, கரைக்கு வருகிறதா வெளியே போகிறதா என்று சொல்ல முடியவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன்.

அப்பா போனாரா, நின்றுவிட்டாரா, எனக்குத் தெரியாது. அனிஷா கையை இறக்கினாள்; அதைப் பார்த்தேன்.